கழுவிய கால்

செருப்பு வாங்கின வகையில் செய்யது பாய்க்கு நான் தர வேண்டியது இருநூற்று நாற்பது ரூபாய். கருவேலங்காட்டில் வெறுங்காலோடு விறகு வெட்டித் திரிந்தவன், பாதம் வீங்கிய பிறகுதான் கடனுக்குச் செருப்பு வாங்கினேன். வீக்கம் அங்கங்கே திறந்து சீழ் வடிந்தது. வலி அவ்வளவாக இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதெல்லாம் என் வீட்டுக்காரி பேச்சி வெந்நீர் வைத்துப் புண்ணைக் கழுவி, வெள்ளைத் துணி கட்டிவிடுவாள். "டாக்டரம்மா தொடுற காலு, நாறலாமா?" என்பாள். டாக்டரம்மாவும் சுத்தமான புண்ணைப் பார்த்துவிட்டு அதே மாத்திரையை எழுதுவார்.

ஒருநாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. கழுவாமலே போனோம். கட்டை அவிழ்த்த டாக்டரம்மா துணியை வெளிச்சத்தில் பிடித்தார். கடுகு போலக் கருப்பு மணிகள். எடுத்துப்போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்தார்.

"பூஞ்சை. முள்ளு குத்தின வழியா உள்ள போயிருக்கு. இந்த மணி எப்பருந்து வருது?"

"மொதல்லருந்தே வருது தாயி. காட்டு மண்ணுன்னு கழுவி விட்ருவேன்."

டாக்டரம்மா பேச்சியின் முகத்தைப் பார்த்தார். எக்ஸ்ரேவுக்குச் சீட்டு எழுதினார்.

எலும்புவரை போயிருந்ததால் காலைக் கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

தேறியதும் கடனைக் கொடுக்கப் பாய் கடைக்குப் போனோம். பாய் என் வேட்டிக்குக் கீழே பார்த்துவிட்டு, "அட போங்கப்பா, அந்தக் கணக்கு முடிஞ்சிருச்சு" என்றார்.

பேச்சி முந்தி முடிச்சை அவிழ்த்துப் பாதிப் பணத்தை மட்டும் மேசையில் வைத்தாள்.

"ஒரு காலு இருக்குல்ல பாய். அதுக்கு வாங்கிக்கிடுங்க."