நரகத்தில் பத்து நாள்

“நரகம்தான், போ. பஸ் நேரத்துக்கு வர்றதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் முகம் கொடுத்துப் பேசமாட்டான். வீட்டுக்காரம்மா இருக்காளே, சரியான ராட்சசி. எப்படா வருஷம் முடியும்னு இருக்கு.”

போனை வைத்தார் பூகோள வாத்தியார். வைத்த கையோடு காபியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். எதிரே ஏரி. முதல் படகு கிளம்பிக்கொண்டிருந்தது. வாத்தியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

கட்டின மனைவியிடம் புளுகிவிட்டு என்ன சிரிப்பு என்கிறீர்களா? ஆசாமி காதலில் விழுந்திருந்தார். நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. ஊர் மேல்.

எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போகிற ஊர் அது. இருபத்தைந்து வருஷமாகச் சுவரில் உலகப் படத்தை மாட்டி, குச்சியால் தொட்டுக் காட்டியே காலத்தை ஓட்டியவர் நம் வாத்தியார். வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் பாடம் நடத்தக் கூப்பிட்டபோது, மாட்டவே மாட்டேன் என்று அடம்பிடித்தார். “படத்துல காட்டினதை ஒரு தடவை கண்ணாலயும் பாருங்களேன்” என்று மனைவிதான் பிடித்துத் தள்ளாத குறையாக விமானம் ஏற்றிவிட்டாள்.

இப்போது வருஷம் முடியப் போகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்க முடியுமா என்று தலைமையாசிரியர் ஒரு தாளை நீட்டியிருக்கிறார். திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும்.

ஆசையென்னவோ கொள்ளை ஆசை. ஆனால் அங்கே அவள் தபால் ஆபீஸ் வேலைக்கும் ஓடிக்கொண்டு, வீட்டையும் தனியாளாகக் கட்டி மாரடிக்கிறாள். நான் இங்கே சுகமாக இருக்கிறேன், இன்னும் இருக்கப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

போதாக்குறைக்கு, சனிக்கிழமை அவளே வருகிறாள். பத்து நாள் லீவாம். இருந்துவிட்டு, அவரையும் கையோடு அழைத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு.

விமான நிலையத்தில் பெட்டியைத் தூக்கியவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

“பத்து நாளைக்கு இவ்வளவு பெரிய பெட்டியா? இருபத்திரண்டு வருஷமா உன்னோட குப்பை கொட்டுறேன், ஒரு நாளாவது சொன்ன பேச்சு கேட்டிருக்கியா?”

“உங்க நரகத்துல ஒண்ணும் கிடைக்காதுன்னீங்களே” என்றாள்.

பஸ் சொல்லிவைத்த மாதிரி நேரத்துக்கு வந்து நின்றது. டிரைவர் வாத்தியாரைப் பார்த்ததும் எழுந்து வந்து, கையைப் பிடித்துக் குலுக்கி, அந்த ஊர் பாஷையில் என்னவோ சொல்லிச் சிரித்தார்.

“என்ன சொல்றாரு?”

“சீட்டு எடுக்கச் சொல்றான்.”

“அதுக்கு எதுக்குக் கையைப் பிடிச்சுக் குலுக்கணும்?”

வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தெருமுனையில் இறங்கினால், முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து வீட்டுக்காரர் பாதி மழித்த தாடியோடு ஓடி வருகிறார். ராட்சசி பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்து மாடிவரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தாள். மூச்சு வாங்க மனைவியின் கன்னத்தைத் தட்டிக் கொஞ்சிவிட்டு, ஒரு பூந்தொட்டியையும் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

“ராட்சசி ரொம்ப அன்பா இருக்காங்களே?”

“எல்லாம் நடிப்பு.”

ஊரே சேர்ந்து காட்டிக்கொடுத்தால் மனுஷன் என்னதான் செய்வார்?

சாயங்காலம் ஏரிக்கரை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் சட்டைப்பையை மறுபடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒரு வருஷப் பொய். கண்டுபிடித்துவிட்டாள். இனிமேல் எதைச் சொன்னாலும் நம்புவாளா?

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்...”

“முதல்ல சட்டைப்பையில இருக்கிற தாளை எடுங்க. காலையிலேர்ந்து பத்து தடவை தொட்டுப் பார்த்தாச்சு.”

எடுத்துக் கொடுத்தார்.

“எத்தனை வருஷம்?”

“ரெண்டு. நீ வேண்டாம்னா...”

“பெட்டியில குக்கர் இருக்கு, மிக்ஸி இருக்கு, கம்பளி ரெண்டு இருக்கு. ஆபீஸ்ல நீண்ட லீவு எழுதிக் கொடுத்துட்டுத்தான் வந்தேன்.”

“நீண்ட லீவா? எப்போ எழுதிக் கொடுத்தே?”

“நீங்க முதல் தடவையா வீட்டுக்காரம்மாவை ராட்சசின்னீங்களே, அந்த வாரமே பேச ஆரம்பிச்சேன். இப்பத்தான் கிடைச்சுது.”

ஒரு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் ‘அப்பாடா’ என்று இறங்கியது. கண்கூடக் கலங்கிவிட்டது. ஆனாலும் வாத்தியாராயிற்றே, சந்தேகம் கேட்காமல் இருப்பாரா?

“நான்தான் வாரா வாரம் நரகம் நரகம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே. அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சே?”

“என் தம்பி கட்டின புது வீட்டைப் பார்த்துட்டு ‘அருமை, அருமை’ன்னீங்க. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தீங்களா?”



அவள் தாளை அவர் மடியில் விரித்து வைத்தாள். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள்.

“இருபத்திரண்டு வருஷத்துல என்னைக் குறை சொல்லாத நாள் ஒண்ணு உண்டா? விட்டுட்டா போயிட்டீங்க?”