பொம்மை ஆட்டிய தலை

உலக முதலாளிகளுக்குத் தங்கள் நாட்டின் வளத்தையும் கலையையும் எடுத்துச் சொல்ல அதிகாரிகள் ஒரு மண்டபத்தில் மேசை போட்டார்கள். அதன்மேல் ஒரு தலையாட்டி பொம்மையையும், ஏரிமண்ணில் வனைந்த ஒரு பானையையும் அலங்காரமாக வைத்தார்கள்.

வெளிநாட்டுத் தோல்பெட்டி ஒன்று வந்து மேசைமேல் தொம்மென்று உட்கார்ந்தது. அந்த அதிர்வில் பொம்மையின் தலை ஆடத் தொடங்கியது.

"தொழிற்சாலைக்கு இடம் தருவீர்களா?" என்று கேட்டது பெட்டி. பொம்மை தலையாட்டியது.

"வரி கேட்கமாட்டீர்களே?" அதற்கும் ஆட்டியது.

"இந்தப் பானைக்கு மண் எடுத்த ஏரியும் எங்களுக்குத்தானே?" பொம்மை அதற்கும் தலையாட்டியது.

பானை பொம்மையைத் தடுக்கப் பார்த்தது. பானை பிறந்த ஏரி அது. அதன் சொந்தபந்தமெல்லாம் இன்னும் அங்கேதான் மண்ணாகக் கிடக்கிறது. "அக்கா, நிறுத்து! எதற்கு என்றே தெரியாமல் ஆட்டுகிறாயே!"

"சும்மா இருடி. நான் நம் கலையைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்," என்றது பொம்மை. "பார், எவ்வளவு ரசிக்கிறார்!"

"நீ காட்டுவது கலை. அவர் கேட்பது ஏரி!"

இவளிடம் பேசிப் பயனில்லை என்று பானை பெட்டியிடம் திரும்பியது. "ஐயா, இவள் எதைக் கேட்டாலும் இப்படித்தான். வேண்டுமானால் பாருங்கள். அக்கா, தன்னிடம் இருப்பதையெல்லாம் நமக்கே கொடுத்துவிட்டு இவர் வெறும் பெட்டியாகத் திரும்பிப் போவாரா?"

பொம்மை அழகாகத் தலையாட்டியது.

பெட்டி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "அடடா, அருமையான நடனம்!"

"அப்படியென்றால் ஏரிக்கு ஆட்டியதும் நடனம்தானே?" என்று கேட்டது பானை.

"அது சம்மதம்," என்று சொல்லிவிட்டுப் பெட்டி தன்னைப் பூட்டிக்கொண்டது.