வெறும் பட்டை

ஒரு ஆய்வுக்கூடத்தில் குட்டிப் பெப்டைடு ஒன்று இருந்தது. பெரிய புரதம் ஒன்றின் வாலைப் பார்த்து அச்சு அசலாகச் செய்த துண்டு அது.

அந்தப் புரதத்தைத் தேடிப் பிடிக்கவென்றே பிறந்தது ஒரு ஆன்டிபாடி. அது அந்தப் புரதத்தை மட்டும்தான் பிடிக்கும் என்று நம்பலாமா எனச் சோதிக்க, ஆராய்ச்சியாளர் சுகிர்தா இரண்டையும் ஒரே குழாயில் விட்டாள். ஆன்டிபாடிக்கு இரண்டு கைகள்; பெப்டைடையும் அதே அச்சில் செய்த அதன் கூடப்பிறந்த ஒன்றையும் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டது.

"வந்துட்டியா! உன்னைத்தான் தேடிட்டிருந்தேன்."

நான் அது இல்லை என்று சொல்லப் பெப்டைடு வாயெடுத்தது. இதுவரை யாரும் அதைத் தேடியதில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டது.

அரை மணி கழித்து, அசல் புரதம் ஒட்டியிருந்த, காகிதம் போன்ற மெல்லிய பட்டைமேல் சுகிர்தா அவற்றை ஊற்றினாள்.

"இங்கே இருக்கேன்!" என்று புரதம் கூப்பிட்டது.

"என்னை விடு! நீ தேடினது அதைத்தான்," என்று பெப்டைடு கத்தியது.

"பிடி இறுகிப்போச்சே," என்றது ஆன்டிபாடி. "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

பட்டையைக் கழுவிய நீரோடு அவை மேசைமேல் இருந்த பீக்கருக்குள் போய் விழுந்தன.

பெப்டைடு கலக்காத ஆன்டிபாடி ஊற்றிய பக்கத்துப் பட்டையில், புரதத்தைப் பிடித்ததற்கு அடையாளமாய்க் கறுப்பாய் ஒரு கோடு விழுந்தது. இந்தப் பட்டை வெறுமையாகவே இருந்தது. சுகிர்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கை நிறைஞ்சதும் வேற எதையும் தொடல பாரு! நம்பலாம், இது அந்தப் புரதத்துக்காகவே பிறந்தது."

வெறும் பட்டையில் இருந்த புரதம் மட்டும், "அது வரவே இல்லையே," என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பீக்கருக்குள் இருந்த பெப்டைடுக்கு அது நன்றாகவே கேட்டது.