இடது இறக்கை

இன்றைக்கு நாலு நிமிடம் தாமதம், மேகத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறாரோ என்னவோ என்று மொட்டைமாடியில் நின்றபடி தமயந்தி நினைத்தாள். கணவர் கதிரேசன் இறந்து ஐந்து வருடமாகியும் நினைப்பு மட்டும் மாறவில்லை. அவர் வழக்கமாக ஓட்டிய போர் விமானம் அவருடைய கைப்பழக்கத்தைக் கற்று வைத்திருந்தது. இப்போது யார் ஓட்டினாலும், அவள் வீட்டுக்கு மேலே வரும்போது அது இடது இறக்கையைச் சற்றே தாழ்த்தும்.

இன்றும் தாழ்த்தியது. அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

கணவருக்குக் கீழே வேலை பார்த்த ஜெயசீலன், பக்கத்தில் நின்று படிவத்தை நீட்டினான்.

"புது விமானத்துக்கு ஒதுக்குன பணத்த ஏவுகணைக்கு மாத்திட்டாங்க அண்ணி. இன்னும் எட்டு வருஷம் இதுதான். அண்ணன் பழக்கம் இல்லாம இது பறக்காது. அத வச்சுக்க நீங்க குடுத்த சம்மதம் இந்த மாசத்தோட முடியுது."

"இறக்கையில விரிசல்னு சொன்னியே?"

"ஒட்டுப் போட்டாச்சு."

"அன்னிக்கு அவர் கடைசியா ஏறிப் போன வேற விமானமும் ஒட்டுப் போட்டதுதானே தம்பி."

அவன் பேனாவைத் திறந்து அவளிடம் கொடுத்தான்.

"இப்ப யார் ஓட்டுறா?"

"மாறன். போன மாசம்தான் கல்யாணம் ஆச்சு."

கையெழுத்து இல்லையென்றால் விமானம் கொட்டகையை விட்டு வெளியே வராது. தினமும் நாலு மணிக்கு அண்ணாந்து பார்க்க எதுவும் இருக்காது. இன்னும் ஒரே ஒரு வருடம் என்று மனம் கெஞ்சியது.

அவள் கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடி அவன் சட்டைப்பையில் செருகினாள்.

"கீழ வா, காபி போடுறேன்."