நாற்பத்திரண்டாவது திருத்தம்

"இதை நான் திருத்த மாட்டேன் மேடம். வேற யாரையாவது வெச்சு அழிச்சுக்குங்க."

அறையில் இருந்த ஏழு கம்ப்யூட்டர்களுக்குப் பின்னாலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. அப்படிச் சொன்னவள் வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆளும் அவள்தான். வாய் மட்டும் அடங்குவதாக இல்லை.

பழைய அனிமே கார்ட்டூன் தொடர்களின் கீறலையும் கறையையும் நீக்கிப் புதுப்பிக்கும் இடம் அது. ஒரு பிழையையும் விட்டுவைக்காத மேற்பார்வையாளருக்கு 'ரப்பர் மேடம்' என்று பட்டப்பெயர். அவர் வழக்கம்போல் மேஜையின் இடது கோடியில் வந்து உட்கார்ந்தார்.

"என்னம்மா பிரச்சினை உனக்கு?"

"கம்பெனி டைப் பண்ணி அனுப்பின நாற்பத்தொரு திருத்தத்தையும் முடிச்சிட்டேன். அடியில பச்சைப் பேனாவால ஒண்ணு கிறுக்கியிருக்கே, அதான் பிரச்சினை. எந்த மண்டு எழுதினது?"

பக்கத்து நாற்காலிக்காரன் இருமினான்.

"எழுதினது யாரா இருந்தா என்ன? தப்பு தப்புதானே? கிரகம் கிரகமாக் கடுதாசி கொண்டுபோற இந்தத் தொடரோட ஹீரோ, முதல் இருபத்தஞ்சு எபிசோட்லயும் வலது கையாலதான் தொப்பியைக் கழட்டுறான். கடைசி எபிசோட்ல மட்டும் மூணு செகண்ட் இடது கை. கவனக்குறைவு."

"கவனக்குறைவா! நல்லாப் பாருங்க மேடம். கடுதாசி வாங்க வேண்டியவ செத்துட்டா. பூட்டின கதவு முன்னால நிக்கிறான். வலது கை எங்க இருக்கு? கோட்டுப் பாக்கெட்டுக்குள்ள. குடுக்க முடியாத கடுதாசியைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல, ஒரு வசனம் இல்ல. அந்த நீலக் கோட்டு காத்துல அசையுது, அவ்வளவுதான். என்ன ஸ்டைலு! நான் பிறக்கிறதுக்கு முன்னாடி வந்த தொடர் இது. எங்கப்பா போன அன்னைக்கு எனக்கு அழுகையே வரல. ஒரு மாசம் கழிச்சு இந்த மூணு செகண்டைப் பார்த்துத்தான் அழுதேன். இப்படி யோசிச்சு வரைஞ்ச மகராசன் எங்க இருக்கானோ!"

மேடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பி இறங்கியது. மறுபடி ஓடவிட்டார். மறுபடி இறங்கியது.

"சாயங்காலம் அனுப்பியாகணும். செய்ய மாட்டேன்னா உன் வேலை போயிடும், தெரியுமில்ல?"

"போகட்டும். இந்த ஷாட்டுக்காக வேலை போச்சுன்னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிப்பேன்."

"அதுக்காக வேலை போனவங்க யாரும் வெளியில சொல்லிக்கிட்டதில்லம்மா."

அவளுக்குப் புரியவில்லை. மேடம் திருத்தப் பட்டியலைத் தன் பக்கம் இழுத்தார். இடது கையில் பேனாவைத் திறந்து, அதே பச்சை மையில் நாற்பத்திரண்டாவது வரியை அழுத்தி அடித்தார்.

"அன்னைக்கு எழுந்து நின்னு, நானே தொப்பியைக் கழட்டிப் பார்த்துத்தான் இந்த ஷாட்டை வரைஞ்சேன். எனக்கு இடது கைப் பழக்கம், அப்போ தோணவே இல்ல. ஒளிபரப்பான மறுநாளே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

அவள் நாற்காலியை மேடம் பக்கம் திருப்பினாள்.

"அப்போ... அந்த வலது கை, மேடம்?"

"அதை வரைய நேரமில்லடி. பாக்கெட்டுக்குள்ள போட்டுட்டேன்."