சொன்ன பேச்சு கேளாதவன்

கைக்குட்டை தேடி அண்ணனின் சட்டைப் பைக்குள் அவள் விட்ட கையோடு ஒரு மிட்டாய்க் காகிதமும் வந்தது. விருது விழாவுக்குக் கிளம்பும் நேரத்தில்தானா இந்தக் கண்றாவி கண்ணில் பட வேண்டும்!

“என்ன இது?”

“பக்கத்து வீட்டுக் குழந்தை கொடுத்துச்சு பாப்பா. உரிச்சு அது வாயிலயே போட்டுட்டேன், சத்தியமா.”

“கால் போயும் புத்தி வரலை பாரு உனக்கு!”

அண்ணன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, வலது முழங்காலுக்குக் கீழே காலியாகத் தொங்கிய பேன்ட்டை மடித்துச் செருகிக்கொண்டான். பஸ் ஓட்டி அவளைப் படிக்க வைத்த கால் அது.

சர்க்கரை நோய்க்கு அவள் ஒரு புது மாத்திரை கண்டுபிடித்திருந்தாள். சோதனைக்கு வந்தவர்களுக்கு ஒரே கட்டளைதான்: பழைய மாத்திரையை அறவே நிறுத்திவிட்டு இதை மட்டும் போட வேண்டும். “முதல் ஆளா என் பேரை எழுது பாப்பா” என்று வந்து நின்றவன் அண்ணன்.

முதல் வாரம் எல்லாருக்குமே சர்க்கரை மிரட்டியது. பிறகு மற்றவர்களுக்கு மடமடவென்று இறங்கிவிட்டது, அண்ணனுக்கு மட்டும் ஏறு ஏறென்று ஏறியது. ஒளித்து ஒளித்து இனிப்புத் தின்கிறான் என்று அவள் முடிவு கட்டினாள். அவள் தலையிலடித்துச் சத்தியம் செய்தான், நம்பினால்தானே!

“பழைய மாத்திரையையும் சேர்த்துப் போடட்டுமா பாப்பா?” என்று ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“என் மருந்து மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?”

அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை. செருப்பு கடித்த புண்ணும் ஆறவே இல்லை. டாக்டர்கள் காலை எடுத்த கையோடு, ஆராய்ச்சிக் கணக்கிலிருந்து அண்ணனையும் அவள் எடுத்துவிட்டாள். விதியை மீறியவனை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

அரங்க வாசலில் தையல்காரர் வாயெல்லாம் பல்லாக நின்றார். சோதனையில் இருந்த நோயாளிகளின் சார்பில் வாழ்த்த வந்திருந்தார்.

“மாத்திரை ஒத்துக்குதா?” என்று கேட்டாள்.

“ஜோரா இருக்கேன்மா. வாயிலதான் இரும்பை நக்கின மாதிரி ஒரு ருசி. பழைய மாத்திரையிலயும் இதே கூத்துதான்.”

“எல்லாரும் சொல்றாங்க. இதுக்கும் அந்தக் குணம் இருக்கு போல.”

“புது மாத்திரையில எனக்கு அப்படி இருந்ததே இல்லையே” என்றான் அண்ணன்.

“நீ ஒழுங்காப் போட்டிருந்தாத்தானே!”

மேடையில் ‘இளம் விஞ்ஞானி’ கேடயத்தைக் கொடுத்து அவளைப் பேசச் சொன்னார்கள். பேசினாள். “ஒரே ஒருத்தர்தான் வாயைக் கட்டலை. அவர் என் சொந்த அண்ணன். அவர் காலைப் பார்த்தாவது மத்தவங்க திருந்தணும்.”

மொத்தக் கூட்டமும் திரும்பி சக்கர நாற்காலியைப் பார்த்தது. அண்ணன் குனிந்த தலை நிமிராமல் கைதட்டிக்கொண்டிருந்தான்.

விருந்துக் கூடத்தில் தையல்காரர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அட்டையைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. பழைய மாத்திரை.

“இதை நிறுத்தச் சொன்னேனே! எதுக்குப் போடுறீங்க?”

“இனிமே ஒளிக்கணுமா என்ன, அவார்டுதான் கைக்கு வந்துடுச்சே!” அவர் குறும்பாகக் கண் சிமிட்டினார். “முதல் வாரம் எல்லாருக்கும் ஏறிப்போனதும் உங்க முகம் அப்படியே வாடிடுச்சு. பாவம், சின்னப் பொண்ணு, இவ்வளவு பாடுபட்டிருக்குதேன்னு ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து பேசினோம். அன்னையிலேர்ந்து பழசையும் சேர்த்தே போடுறோம்.”

“யார் யாரு?”

“நாங்க அத்தனை பேரும்தான்மா. உங்க ஆராய்ச்சி ஜெயிக்கணும்ல!”

அவள் திரும்பிப் பார்த்தாள். கூடத்தின் மறுகோடியில், இனிப்புத் தட்டை நீட்டியவரிடம் அண்ணன் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

அவள் பார்வை போன திசையில் தையல்காரரும் பார்த்தார்.

“உங்ககிட்ட சொல்லிடுவாரோன்னு, அவர்கிட்ட மட்டும் சொல்லலம்மா.”