காலி அறையின் ஒரு நிமிடம்

குரல் பதிவுக்கு முன்னால், யாரும் இல்லாத அறையை ஒரு நிமிடம் பதிவு செய்வது எங்கள் ஸ்டூடியோ வழக்கம். வாக்கியங்களுக்கு நடுவே ஒட்டுவதற்கு அந்த வெறும் சத்தம் தேவைப்படும். செவ்வாய்க்கிழமை எடுத்ததில் ஒரு மூச்சு இருந்தது.

முதலாளியும் கேட்டுப் பார்த்தார். "ஒண்ணும் இல்லையேப்பா. போய்க் காதைக் காட்டிட்டு வா, அப்புறம் பேசலாம்" என்றார். ஒலிப்பதிவு செய்கிறவனுக்குக் காது போனால் பிழைப்பில் மண்தான்.

வீட்டில் உட்கார்ந்து, ஒலியைக் கீழ் ஸ்தாயி முதல் மேல் ஸ்தாயி வரை பிரித்துக் குறைக்கும் ஈக்வலைசரின் பத்து ஸ்லைடர்களையும் ஒவ்வொன்றாக அடிவரை இறக்கினேன். அறையின் இரைச்சல் போனது. ஏசியின் முனகல் போனது. மூச்சு மட்டும் அப்படியே இருந்தது.

மனைவி கேட்டுவிட்டு, "கம்முனு இருக்கு" என்றாள். கேட்கச் சொல்ல மிச்சம் இருந்தது அக்காதான். நாலு வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இடது காது போய்விட்டது. நாங்கள் எல்லோரும் அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்துதான் பேசுவோம்.

அவளுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

"யாருடா அது, இவ்வளவு நிதானமா மூச்சு விடுறது?"

அப்பாடா! நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. என் காதுக்கு ஒன்றுமில்லை. முதலாளியிடம் சொல்லப் போனை எடுத்தேன்.

"இருடா, நிறுத்திடாதே" என்றாள் அக்கா. வலது காதிலிருந்து ஹெட்போனை விலக்கிவிட்டு, இடது பக்கத்தை மட்டும் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தபடி சிரித்தாள்.

பதிவு ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள்.